இரண்டு போர்களுக்கு நடுவே ஜப்பான்: மந்தத்திலிருந்து மீட்டது ஆயுதமா, யென்னா?

நண்பர் ஒருவர் இப்படிக் கேட்டிருந்தார்: முதல் உலகப்போர் முடிந்ததிலிருந்து அடுத்த பெரிய போர் தொடங்கும்வரை ஜப்பானின் பொருளாதாரம் எப்படி இருந்தது? 1930-களின் பெருமந்தத்திலிருந்து ஜப்பான் மற்ற நாடுகளுக்கு முன்பே மீண்டுவிட்டது, அதற்குக் காரணம் ராணுவச் செலவுதான் என்கிறார்களே, அது சரியா?

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். 1920 முதல் 1931 வரை ஜப்பான் தட்டுத்தடுமாறித்தான் வளர்ந்தது. 1932-க்குப் பிறகு நான்கைந்து ஆண்டுகள் வேகமாக மீண்டது. யென்னின் மதிப்பு விழுந்தது, வட்டி குறைந்தது, அரசு கடன் வாங்கிச் செலவழித்தது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அந்த மீட்சியைக் கொண்டுவந்தன. ராணுவச் செலவுக்கும் அதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த மீட்சியைத் திட்டமிட்டு நடத்திய நிதியமைச்சர், ராணுவத்துக்கு இதற்கு மேல் பணம் தர முடியாது என்று மறுத்தார். ராணுவ அதிகாரிகளே அவரை வீடு புகுந்து கொன்றார்கள். அதனால்தான் 'ராணுவம்தான் ஜப்பானை மந்தத்திலிருந்து காப்பாற்றியது' என்று யாராவது எழுதினால் எனக்குப் பொறுக்காது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் உலகப்போர் ஜப்பானுக்கு அள்ளிக் கொடுத்தது. ஐரோப்பியத் தொழிற்சாலைகள் குண்டு செய்யப் போய்விட்டதால், ஆசியச் சந்தைகள் முழுக்க ஜப்பானிய நூலும் துணியும் போய் நிறைந்தன. கப்பல் வைத்திருந்தவர்களுக்கு வாடகை கொட்டியது. 1914-இல் சுமார் 59 கோடி யென்னாக இருந்த ஏற்றுமதி 1919-இல் 210 கோடியானது. போருக்கு முன் ஏறத்தாழ 110 கோடி யென் வெளிநாட்டுக் கடனில் இருந்த நாடு, 1920-இல் 270 கோடி யென் அளவுக்கு மற்றவர்களுக்குக் கடன் கொடுத்த நாடாக மாறியிருந்தது. எங்கு பார்த்தாலும் திடீர்ப் பணக்காரர்கள்.

ஆனால் கூலியைவிட விலைவாசி வேகமாக ஏறியது. 1918 கோடையில் தொயாமா மாகாணத்தின் உவோசு என்ற கடலோர ஊரில் மீனவப் பெண்கள், ஊர் அரிசியைக் கப்பலில் ஏற்றக் கூடாது என்று திரண்டு நின்றார்கள். அங்கே ஆரம்பித்த அரிசிக் கலவரம் சில வாரங்களில் நாடு முழுக்கப் பரவி, தெராவுச்சி அமைச்சரவையையே கவிழ்த்தது. கோபே நகரில் சுசுகி ஷோட்டென் என்ற பெரிய வணிக நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தை மக்கள் கொளுத்தினார்கள். கார், பைக் செய்யும் சுசுகிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வரும்.

கலவரத்துக்குப் பின் அரசு எடுத்த ஒரு முடிவையும் இங்கே சொல்ல வேண்டும். நகரத்துக்கு மலிவாக அரிசி வேண்டும் என்பதற்காக, அப்போது காலனிகளாக இருந்த கொரியாவிலும் தைவானிலும் நெல் உற்பத்தியைப் பெருக்கத் திட்டம் போட்டார்கள். திட்டம் பலித்தது. பத்தே ஆண்டுகளில் அந்த அரிசி ஜப்பானுக்குள் வந்து குவிந்து, ஜப்பானிய விவசாயியின் விலையை அடித்துக் கீழே இறக்கியது. 1918-இல் நகரத்து ஏழைக்குக் கொடுத்த மருந்து, 1930-இல் கிராமத்து ஏழைக்கு நோயாக வந்து சேர்ந்தது.

1920 மார்ச்சில் போர்க்காலக் குமிழி உடைந்தது. பங்குச் சந்தை சரிந்தது. பட்டு, பருத்தி விலைகள் பாதாளத்துக்குப் போயின. இங்கேதான் அடுத்த பத்தாண்டுத் தொல்லைக்கான விதை விழுந்தது என்பது என் கருத்து. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் 1920-21 சரிவில் பலவீனமான நிறுவனங்கள் மூழ்கின, கணக்கு நேரானது. ஜப்பானில் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் ஜப்பான் தாராளமாகக் கடன் கொடுத்து, மூழ்க வேண்டியவர்களையும் மிதக்க வைத்தது. வாராக்கடன்கள் வங்கி ஏடுகளில் நல்ல கடன்களைப் போலவே உட்கார்ந்திருந்தன.

அப்புறம் 1923 செப்டம்பர் 1. காந்தோ பெரும் பூகம்பம். நண்பகலுக்குச் சற்று முன், வீடுகளில் சமையல் அடுப்பு எரிந்துகொண்டிருந்த நேரம். தோக்கியோவும் யோகோஹாமாவும் நடுங்கி, பிறகு எரிந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வதந்தியை நம்பிக் கும்பல்கள் கொரியர்களைத் தேடித்தேடிக் கொன்ற கொடுமையும் அந்த நாட்களில்தான் நடந்தது. பொருளாதாரக் கணக்கு மட்டும் பேசும்போதும் அதை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

எரிந்த பகுதி வியாபாரிகள் எழுதிக் கொடுத்த உண்டியல்களுக்கு, அதாவது இன்ன தேதியில் பணம் தருகிறோம் என்று எழுதிய கடன் சீட்டுகளுக்கு, இனி யார் பணம் தருவார்கள்? வங்கிகள் அவற்றை மத்திய வங்கியிடம் கொடுத்துப் பணமாக்கிக்கொள்ளலாம், நட்டம் வந்தால் 10 கோடி யென் வரை அரசு ஏற்கும் என்று அறிவித்தார்கள். நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகே. நல்ல நோக்கம்தான். ஆனால் மொத்தம் 43 கோடி யென்னுக்கு 'பூகம்ப உண்டியல்கள்' வந்து சேர்ந்தன. அவற்றில் பலவற்றுக்கும் பூகம்பத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. 1920-இலிருந்து அழுகிக்கொண்டிருந்த கடன்களுக்கெல்லாம் பூகம்பம் என்ற முத்திரையைக் குத்தி உள்ளே தள்ளிவிட்டார்கள். 1926 முடிவிலும் ஏறக்குறைய பாதி, அதாவது 20 கோடி யென்னுக்கு மேல், தீர்க்கப்படாமலே கிடந்தது. அந்தப் பாதியிலும் பாதி, பேங்க் ஆஃப் தைவான் என்ற ஒரே வங்கியுடையது. அந்த வங்கி யாருக்குக் கடன் கொடுத்திருந்தது? பெரும்பகுதி சுசுகி ஷோட்டெனுக்கு.

1927-இல் நடந்த வங்கி நெருக்கடியை நான் எத்தனை முறை படித்தாலும் பதறுகிறேன். மார்ச் 14 அன்று நாடாளுமன்றத்தில் பூகம்ப உண்டியல்களைப் பற்றிய விவாதம். நிதியமைச்சர் கதாவோகா நவோஹாரு, தோக்கியோ வதனபே வங்கி இன்று மூடப்பட்டுவிட்டது என்று சொல்லிவிட்டார். அவர் பேசிய நேரத்தில் அந்த வங்கி மூடப்படவில்லை, அன்றைய பணத்தை எப்படியோ புரட்டியிருந்தது. அமைச்சர் வாயிலிருந்து சொல் விழுந்த பிறகு யார் நம்புவார்கள்? மறுநாள் அது உண்மையாகவே மூடியது, கூட்டம் அடுத்தடுத்த வங்கிகளுக்குப் பாய்ந்தது. ஏப்ரலில் சுசுகி ஷோட்டென் விழுந்தது, அதன் பின்னாலேயே பேங்க் ஆஃப் தைவான் கதவை மூடியது. அரச குடும்பத்தின் கணக்கையே வைத்திருந்த ஜூகோ வங்கிகூடத் தப்பவில்லை.

வகாத்சுகி அமைச்சரவை பதவி விலகி, தனகா கீச்சி பிரதமரானார். அவர் நிதித் துறைக்குக் கூப்பிட்டது 70 வயதைத் தாண்டிய தகஹாஷி கொரெகியோவை. இந்தக் கதையின் நாயகன் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இவரைத்தான் சொல்வேன். ஓவியர் ஒருவருக்கு மணவுறவுக்கு வெளியே பிறந்து, சாதாரணக் காலாட்படைவீரர் குடும்பத்துக்குத் தத்துப் போனவர். படிக்கலாம் என்று 13 வயதில் அமெரிக்கா போனார். கையெழுத்துப் போட்ட தாள் ஒரு கூலி ஒப்பந்தம் என்பது ஓக்லண்டில்தான் தெரியவந்தது. பின்னாளில் பெரு நாட்டில் வெள்ளிச் சுரங்கம் வாங்கப் போய், அது வெறும் சக்கைச் சுரங்கம் என்று தெரிந்து எல்லாவற்றையும் இழந்தார். அதற்கப்புறம் மத்திய வங்கியில் சேர்ந்து, 1904-05 ரஷ்யப் போருக்கு லண்டனிலும் நியூயார்க்கிலும் ஜப்பானின் கடன் பத்திரங்களை விற்றுக் கொடுத்தார். மத்திய வங்கியின் ஆளுநர், நிதியமைச்சர், ஒரு முறை பிரதமர். ஏமாந்தும் இழந்தும் பணத்தைக் கற்ற மனிதர்.

வங்கிகளை இரண்டு நாள் மூடச் சொல்லி, மூன்று வாரத்துக்குக் கடன் திருப்பும் கெடுவைத் தள்ளிவைத்தார் தகஹாஷி. மத்திய வங்கியிடம் கொடுக்கப் போதிய நோட்டு இல்லை. அதனால் 200 யென் நோட்டுகளை ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தார்கள். பின்பக்கம் வெறும் வெள்ளை. வங்கி திறந்த அன்று உள்ளே வந்தவர்கள் கண்ணில் படும்படி முகப்பில் நோட்டுக் கட்டுகளை அடுக்கி வைத்தார்கள். பார்த்தவர்கள் பணம் எடுக்காமலே திரும்பினார்கள், பீதி அடங்கியது. வேலை முடிந்ததும் அவர் பதவியை விட்டுப் போய்விட்டார்.

ஆனால் அதன் விளைவு நீண்டது. புதிய வங்கிச் சட்டம் சிறிய வங்கிகளை இணையச் சொன்னது; ஐந்தாறு ஆண்டுகளில் வங்கிகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. மக்கள் தங்கள் சேமிப்பை மிட்சுயி, மிட்சுபிஷி, சுமிதோமோ, யசுதா, தாயிச்சி என்ற ஐந்து பெரிய வங்கிகளுக்கும் அஞ்சலகத்துக்கும் மாற்றினார்கள். மாகாணத்து நெசவுப் பட்டறைக்கும் சாராய வடிப்பாளருக்கும் கடன் கொடுத்து வந்த உள்ளூர் வங்கி மறைந்தது. இந்தப் பெரிய வங்கிகளுக்குப் பின்னால் இருந்த தொழில் குழுமங்கள் மேல் பொதுமக்களுக்கு வெறுப்பு ஏறியதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அதற்காக 1920-கள் முழுக்க இருட்டு என்று நினைத்துவிடக் கூடாது. மின்சாரம் ஏறக்குறைய எல்லா நகரங்களுக்கும் போனது. சின்னப் பட்டறைகள்கூட மோட்டார் வைத்துக்கொண்டன. 1925-இல் வானொலி, 1927-இல் ஆசாகுசாவுக்கும் உவேனோவுக்கும் இடையே ஆசியாவின் முதல் சுரங்க ரயில். தொயோதா சகிச்சி 1924-இல் செய்து முடித்த தானியங்கித் தறி எவ்வளவு நன்றாக ஓடியது என்றால், 1929-இல் இங்கிலாந்தின் நெசவு மையமான லங்காஷயரின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் அதன் உரிமையை ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. தறியைக் கற்றுக்கொடுத்த நாடே தறியை வாங்க வந்தது. ரசாயனம், இரும்பு, மின் இயந்திரம் எல்லாம் மெதுவாக, கண்ணுக்குத் தெரியாமல் வேர்விட்ட காலம் அது.

இனி, நடந்த பெரிய தவறுக்கு வருவோம். அந்தக் காலத்தில் ஒரு நாட்டின் நோட்டை இவ்வளவு தங்கத்துக்கு மாற்றித் தருவோம் என்று அரசு உறுதி கொடுக்கும் தங்கத் திட்டம்தான் மரியாதைக்குரிய நாடு என்பதற்கு அடையாளமாக இருந்தது. போரின்போது, 1917-இல் ஜப்பான் தங்க ஏற்றுமதியைத் தடுத்து அதிலிருந்து விலகியது. மற்ற பெரிய நாடுகள் எல்லாம் திரும்பிவிட்டன. 1929 ஜூலையில் ஆட்சிக்கு வந்த ஹமாகுச்சி ஒசாச்சியும், மறுபடி நிதியமைச்சரான இனோவேயும் நாமும் திரும்ப வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதில்கூட எனக்குப் பெரிய குறை இல்லை. எந்த விலையில் திரும்பினார்கள் என்பதுதான் சிக்கல். போருக்கு முந்தைய பழைய மதிப்பு 100 யென்னுக்கு 49.85 டாலர். சந்தையில் அந்த ஆண்டு நடுவில் யென் அதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பழைய மதிப்புக்கே திரும்ப வேண்டுமென்றால் உள்நாட்டில் விலையையும் கூலியையும் அழுத்திக் கீழே இறக்க வேண்டும்.

இஷிபாஷி தன்சான் போன்ற பொருளாதாரப் பத்திரிகையாளர்கள் சிலர், இன்றைய சந்தை மதிப்புக்கே புதிதாகக் கட்டுங்கள், பிரான்ஸ் அப்படித்தானே செய்தது என்று எழுதிக்கொண்டே இருந்தார்கள். இனோவே கேட்கவில்லை. மதிப்பைக் குறைப்பது கௌரவக் குறைச்சல் என்ற எண்ணம் ஒரு பக்கம். வேண்டுமென்றே வலி கொடுத்தால்தான் 1920-இலிருந்து தப்பித்து வந்த சோம்பேறி நிறுவனங்கள் ஒழியும் என்ற எண்ணம் இன்னொரு பக்கம். இந்த இரண்டாவது எண்ணத்தில் நியாயம் இருந்தது. ஆனால் நேரம் தவறிவிட்டது. தங்கத் தடையை நீக்கும் அறிவிப்பு வந்தது 1929 நவம்பர் 21, வால் ஸ்ட்ரீட் சரிந்து சில வாரங்களே ஆகியிருந்தன. நடைமுறைக்கு வந்தது 1930 ஜனவரி 11. அடுத்த மாதமே தேர்தல். மக்கள் ஹமாகுச்சியின் கட்சிக்கு 466-இல் 273 இடங்களைக் கொடுத்தார்கள். சிக்கனமாக இருப்போம், பல்லைக் கடித்துக்கொள்வோம் என்ற பேச்சுக்கு மக்கள் மனமார ஆதரவு தந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

விலைவாசி இரண்டே ஆண்டில் சுமார் 30 சதவீதம் விழுந்தது. கவனிக்க வேண்டியது இது: அமெரிக்காவில் உற்பத்தியே நான்கில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கியது. ஜப்பானில் உற்பத்தியின் அளவு அவ்வளவாகச் சுருங்கவில்லை, விலைதான் சுருங்கியது. ஆலைகள் ஓடின, வயல்கள் விளைந்தன, ஆனால் கிடைத்த காசு குறைந்தது. வாங்கிய கடன் மட்டும் பழைய அளவிலேயே நின்றது. அதனால்தான் புள்ளிவிவரத்தைப் பார்த்து 'ஜப்பானுக்குப் பெருமந்தம் லேசாகத்தான் பட்டது' என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. கடன்பட்ட குடும்பத்துக்கு அது லேசாகப் படவில்லை.

கிராமத்தைப் பாருங்கள். உழைப்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் விவசாயத்தில் இருந்தார்கள். ஐந்தில் இரண்டு விவசாயக் குடும்பங்கள் பட்டுப்புழுவும் வளர்த்தன; கையில் ரொக்கம் பார்ப்பது கூடு விற்றுத்தான். அந்தப் பட்டு நூலின் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போய்ப் பெண்களின் காலுறையானது. அமெரிக்கா முடங்கியதும் பட்டு விலை விழுந்தது, கூட்டின் விலை பாதிக்கும் கீழே போனது. 1930 இலையுதிர் காலத்தில் நெல் அமோகமாக விளைந்தது. கொரிய அரிசியும் தைவான் அரிசியும் சேர்ந்து, அரிசி விலையும் சரிந்தது. விளைந்ததாலேயே பட்டினி! அடுத்த ஆண்டு வடக்கே தோஹோக்குப் பகுதியில் குளிரடித்து விளைச்சலே இல்லை. 1932-இல், மதியச் சாப்பாடு இல்லாமல் பள்ளிக்கு வரும் கிராமப் பிள்ளைகள் இரண்டு லட்சம் பேர் என்று கல்வி அமைச்சகமே சொன்னது. மகள்களை நகரத்து விடுதிகளுக்கும் ஆலைகளுக்கும் முன்பணத்துக்கு அனுப்பினார்கள். மகளை விற்பதாக இருந்தால் முதலில் எங்களிடம் வந்து பேசுங்கள் என்று யமகாட்டா மாகாணத்தில் ஒரு கிராம ஆலோசனை நிலையம் வைத்த அறிவிப்புப் பலகையின் புகைப்படம் இன்றும் கிடைக்கிறது.

அந்த ஊர்களிலிருந்து வந்த சிப்பாய்களுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரிகள் இதைக் கண்ணால் பார்த்தார்கள். கட்சி அரசியலும் பெரிய குழுமங்களும்தான் நாட்டைத் தின்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். 1931 செப்டம்பரில் மூன்றே நாள் இடைவெளியில் இரண்டு இடிகள். 18-ஆம் தேதி ஜப்பானின் குவாந்துங் ராணுவம் சீனாவின் வடகிழக்கில் உள்ள மஞ்சூரியாவைப் பிடிக்கத் தாக்குதலைத் தொடங்கியது. 21-ஆம் தேதி பிரிட்டன் தங்கத் திட்டத்தைக் கைவிட்டது. அடுத்து ஜப்பான்தான் என்று புரிந்துகொண்ட வங்கிகள், மிட்சுயி உட்பட, டாலரை வாங்கிக் குவித்தன. யென்னைப் பிடித்து நிறுத்த இனோவே வட்டியை ஏற்றினார், மந்தத்தின் நடுவில்! தடை நீங்கியதிலிருந்து அதுவரை மத்திய வங்கியின் தங்கத்தில் பாதிக்கும் மேல் வெளியேறியிருந்தது.

டிசம்பர் 13 அன்று ஆட்சி மாறியது. இனுக்காய் சுயோஷி பிரதமர், நிதிக்கு மறுபடியும் தகஹாஷி. பதவியேற்ற அன்றே தங்க ஏற்றுமதியை நிறுத்தினார். யென்னை விழ விட்டார். 49.85 டாலருக்குப் போன 100 யென், 1932 முடிவில் 20 டாலர் அளவுக்கு இறங்கியது. அமெரிக்காவும் தங்கத்தை விட்ட பிறகு 30 டாலர் பக்கம் நிலைத்தது. மத்திய வங்கியின் வட்டியை 6.57 சதவீதத்திலிருந்து படிப்படியாக 3.65-க்குக் கொண்டுவந்தார். பற்றாக்குறை பட்ஜெட் போட்டு, 1932 நவம்பரிலிருந்து அரசுக் கடன் பத்திரங்களை மத்திய வங்கியே நேராக வாங்கிக்கொள்ளச் செய்தார். நோட்டு அடித்துச் செலவு செய்வது என்று இதை மட்டமாகச் சொல்வார்கள். அது முழு உண்மை இல்லை. வங்கிகளிடம் பணம் தேங்கிக் கிடந்த நேரம் அது; மத்திய வங்கி வாங்கிய பத்திரங்களில் மிகப் பெரும் பகுதியைப் பிறகு வங்கிகளுக்கே விற்று, வெளியே விட்ட பணத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. 1935 வரை விலைவாசி கட்டுக்குள்தான் இருந்தது. மந்தத்தில் அரசு கடன் வாங்கியாவது செலவழிக்க வேண்டும் என்று வாதிட்ட பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கெய்ன்ஸின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1936-இல். அதற்கு முன்பே, பல்கலைக்கழகப் படிப்பு எதுவும் இல்லாத இந்தக் கிழவர் அதன் சாரத்தைச் செய்து காட்டிவிட்டார்.

இப்போது ராணுவச் செலவுக் கேள்விக்கு நேராக வருகிறேன். மத்திய அரசின் செலவு 1931-இல் சுமார் 148 கோடி யென், 1933-இல் 225 கோடி. கூடிய தொகையில் பாதிக்குச் சற்று மேலேயே ராணுவத்துக்கும் கடற்படைக்கும் மஞ்சூரியாவுக்கும் போனது. மீதியில் கிராமத்து நிவாரண வேலைகள், சாலை, கால்வாய் எல்லாம் அடங்கும். ஆகவே ராணுவச் செலவு உதவவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அதே இரண்டு ஆண்டில் ஏற்றுமதி 115 கோடியிலிருந்து 186 கோடியானது. அரசுச் செலவு எவ்வளவு கூடியதோ, கிட்டத்தட்ட அதே அளவு ஏற்றுமதியும் கூடியது. அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1933-க்கும் 1935-க்கும் இடையே அரசின் மொத்தச் செலவு ஏறவே இல்லை. 220 கோடியை ஒட்டியே நின்றது. பொருளாதாரம் மட்டும் வளர்ந்துகொண்டே போனது. 1936-இல் ஏற்றுமதி 269 கோடி. தனியார் நிறுவனங்கள் மலிவு வட்டியில் கடன் வாங்கி இயந்திரம் வாங்கின. செயற்கைப் பட்டில் ஜப்பான் உலகின் முதலிடத்துக்கு முன்னேறிக்கொண்டிருந்தது. ஆயுதம் மட்டுமே இயந்திரத்தை ஓட்டியிருந்தால், செலவு நின்ற இடத்தில் வளர்ச்சியும் நின்றிருக்க வேண்டும் அல்லவா?

இந்த ஏற்றுமதி வெள்ளத்தை நேராக அனுபவித்த நாடுகளில் இந்தியா முக்கியமானது. 1933-இல் பருத்தித் துணி ஏற்றுமதியில் ஜப்பான் பிரிட்டனையே முந்தியது. ஒசாகா துணி பம்பாயில் மலை மலையாக இறங்கியது. பிரிட்டிஷ் இந்திய அரசு, பிரிட்டிஷ் அல்லாத துணிக்கு வரியை 1932-இல் 50 சதவீதமாகவும் 1933 ஜூனில் 75 சதவீதமாகவும் ஏற்றியது. பதிலுக்கு ஜப்பானிய ஆலைக்காரர்கள் இந்தியப் பஞ்சை வாங்க மாட்டோம் என்றார்கள். இந்தியப் பஞ்சுக்கு மிகப் பெரிய வாடிக்கையாளரே அவர்கள்தான். பருத்தி விவசாயி துடித்துப் போனார். மாதக்கணக்கில் சிம்லாவிலும் டெல்லியிலும் பேசி, 1934 தொடக்கத்தில் உடன்பாடு வந்தது. வரி 50 சதவீதம். ஜப்பான் 15 லட்சம் பேல் பஞ்சு வாங்கினால் 40 கோடி கெஜம் துணிவரை விற்கலாம். லங்காஷயருக்கும் ஒசாகாவுக்கும் நடந்த சண்டையில் வரியும் பேரமும் எல்லாம் இந்தியச் சந்தையின் பெயரில் நடந்தன.

டச்சு கிழக்கிந்தியாவும் (இன்றைய இந்தோனேசியா) மற்ற பிரிட்டிஷ் காலனிகளும் இதே போலக் கட்டுப்பாடு போட்டன. 'உலகம் கதவை மூடியது, அதனால் ஜப்பான் படையெடுக்க வேண்டியதாயிற்று' என்று ஒரு வாதம் இதிலிருந்து பிறக்கிறது. எனக்கு அது செல்லுபடியாகவில்லை. அத்தனை தடைக்கு நடுவிலும் ஏற்றுமதி 1936 வரை ஆண்டுதோறும் ஏறியது. மாறாக, மஞ்சூரியா செலவைத்தான் வைத்தது. அங்கே அனுப்பிய பொருளுக்கு யென்தான் கிடைக்கும். அமெரிக்கப் பஞ்சும் எண்ணெயும் பழைய இரும்பும் வாங்கத் தேவையான டாலர் கிடைக்காது.

தகஹாஷி இதைத் தெளிவாகப் புரிந்துவைத்திருந்தார். 1935 வாக்கில் மந்தம் விலகியது, ஆலைகளில் சும்மா கிடந்த இயந்திரங்கள் குறைந்தன, வங்கிகள் அரசுப் பத்திரங்களை வாங்கத் தயங்கத் தொடங்கின. கடன் வாங்குவதை நிறுத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்து, ஆண்டுக்கு ஆண்டு புதிய பத்திரங்களைக் குறைத்தார். 1936-37 பட்ஜெட்டுக்கான அமைச்சரவைக் கூட்டங்களில் ராணுவ அமைச்சரோடு நேருக்கு நேர் மோதினார். நாட்டின் வசதிக்கு மீறி ஆயுதம் செய்தால் நிதி நிலைமை குலையும், அப்புறம் பாதுகாப்பே இருக்காது என்பது அவர் வாதம். மத்திய வங்கி நேராகப் பத்திரம் வாங்கும் வழியைத் திறந்துவிட்டது அவர்தான் என்பதால் பின்னால் வந்த பணவீக்கத்துக்கும் அவரே பொறுப்பு என்று சிலர் சொல்வதுண்டு. அந்தக் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கிறது. எளிதில் பணம் கிடைக்கும் வழியைத் திறந்தால், மூடும் உறுதி உள்ளவர் எப்போதும் அந்த இடத்தில் இருப்பார் என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால் அவர் மூடத்தான் முயன்றார். ஹமாகுச்சி 1930 நவம்பரில் தோக்கியோ ரயில் நிலையத்தில் சுடப்பட்டு மறு ஆண்டு இறந்திருந்தார். இனோவேயும் மிட்சுயியின் தலைவர் டான் தகுமாவும் 1932-இல் ஒரு மாத இடைவெளியில் கொல்லப்பட்டிருந்தார்கள். பிரதமர் இனுக்காயைக் கடற்படை இளம் அதிகாரிகள் அதே ஆண்டு மே 15-இல் கொன்றார்கள். இவ்வளவும் தெரிந்துதான் அந்தக் கிழவர் மறுத்துப் பேசினார். 1936 பிப்ரவரி 26 விடியற்காலை, பனி மூடிக் கிடந்தபோது, கலகம் செய்த படையினர் அகாசாகாவில் இருந்த அவர் வீட்டுக்குள் நுழைந்து அவரைக் கொன்றார்கள். வயது 81.

அடுத்து வந்த நிதியமைச்சர் பாபா எயிச்சி, ராணுவம் கேட்டதைக் கொடுத்தார். 1937-38-க்கு ஏறக்குறைய 300 கோடி யென் பட்ஜெட் தயாரானது. இறக்குமதியாளர்கள் விலை ஏறப்போகிறது என்று பொருள்களை முன்கூட்டியே வாங்கிக் குவிக்க, அந்நியச் செலாவணி தீர்ந்துபோகும் நிலை. 1937 ஜனவரியிலேயே இறக்குமதிக்குச் செலாவணி அனுமதி முறை வந்துவிட்டது. சீனாவோடு முழுப் போர் தொடங்கியது ஜூலையில்தான் என்பதைக் கவனியுங்கள். ஆயுதச் செலவு பொருளாதாரத்தின் கழுத்தைப் பிடித்தது அதற்கு ஆறு மாதம் முன்னாடியே. செப்டம்பரில் மூலதனத்துக்கும் வணிகத்துக்கும் கட்டுப்பாட்டுச் சட்டங்கள், 1938-இல் நாட்டையே அணிதிரட்டும் சட்டம். பஞ்சு இறக்குமதி சுருக்கப்பட்டது. நாட்டுக்கு டாலர் சம்பாதித்துக் கொடுத்த அதே நூற்பாலைகள் பஞ்சில்லாமல் நிற்கத் தொடங்கின.

ஜப்பானிய மக்கள் உண்மையில் எப்போது நன்றாக இருந்தார்கள் என்று அளந்து பார்க்க விரும்பினால், போருக்குப் பின் அந்த நாட்டுப் புள்ளியியலாளர்கள் எடுத்துக்கொண்ட அளவுகோலைப் பாருங்கள். 'போருக்கு முந்தைய நிலை' என்று அவர்கள் குறித்தது 1934 முதல் 1936 வரையிலான மூன்று ஆண்டுகளின் சராசரியை. அதற்குப் பிந்தைய ஆயுதப் பெருக்க ஆண்டுகளை அவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. தலைக்கு இவ்வளவு என்ற அந்தப் பழைய நிலையை நாடு மறுபடி எட்டிப் பிடித்தது 1950-களின் நடுவில். 1956-இல் அரசின் பொருளாதார அறிக்கை, போருக்குப் பிந்தைய காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்தது அதன் பிறகுதான்.